ஏழு கிலோ பையும் ஒரு பவர் பேங்க்கும்: விமானத்துக்குக் கைப்பை கட்டுவது எப்படி?

திருச்சி விமான நிலையம், சிங்கப்பூர் விமானத்துக்கான வரிசை. எனக்கு முன்னால் நான்கைந்து பேர்தான். அப்போதுதான் ஊழியர் ஒருவர் என் டிராலியைத் தொட்டு, "சார், ஃபிளைட் ஃபுல். மேலே இடமில்ல, இதைக் கீழே அனுப்பிடுறோம். உள்ளே பவர் பேங்க் இருக்கா?" என்றார்.

இருந்தது. பெட்டியின் அடியில், மடித்து வைத்த வேட்டிகளுக்கும் அம்மா கட்டிக்கொடுத்த அதிரசப் பொட்டலத்துக்கும் கீழே. தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அதிரசம் வெளியே வந்தது, வேட்டி வந்தது, நெய் மணம் வரிசை முழுக்கப் பரவியது, கடைசியில் பவர் பேங்க்கும் வந்தது. பின்னால் நின்றவர், "பொறுமையா எடுங்கண்ணே, நம்மளை விட்டுட்டுப் போகாது" என்றார். அவர் நல்ல மனிதர்.

அன்றைக்குப் புரிந்த விஷயம் இது. கைப்பை பற்றிய விதிகள் இரண்டு ரகம். எடை, அளவு பற்றியவை ஒரு ரகம். மீறினால் பணம் போகும், அவ்வளவுதான். பேட்டரி பற்றியவை இன்னொரு ரகம். அவை தீ பற்றியவை, அங்கே கெஞ்சலுக்கும் பேரத்துக்கும் இடமில்லை. இரண்டையும் ஒரே பட்டியலாக நினைத்துப் பெட்டி கட்டுவதால்தான் கடைசி நேரத்தில் தரையில் உட்கார வேண்டி வருகிறது. இப்போது நான் பெட்டி கட்டும்போது பேட்டரியில் தொடங்கி, துணியில் முடிக்கிறேன். ஆனால் வாங்குகிற பையே எடைக் கணக்கைப் பொறுத்தது என்பதால், அதை முதலில் முடித்துவிடுவோம்.

முதலில் டிக்கெட்டைப் படியுங்கள்

இந்தியாவில் எகானமி வகுப்பில் கையோடு கொண்டுபோகும் பைக்கு வழக்கமான கணக்கு 7 கிலோ. இண்டிகோவில் பையின் அளவு 55 செ.மீ. உயரம், 35 அகலம், 25 ஆழம். மூன்றையும் கூட்டினால் 115. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எகானமியில் 7 கிலோ, கூட்டுத்தொகை 115 செ.மீ. என்றுதான் சொல்கிறது. எமிரேட்ஸ் எகானமிக்கும் 7 கிலோதான். ஸ்கூட் சற்றே தாராளம்: பெரிய பை, சின்னப் பை இரண்டும் சேர்த்து 10 கிலோ. ஏர்ஏசியாவில் இரண்டு பைகள் உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்தே 7 கிலோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் கைப்பைக்கே 23 கிலோ வரை விடுகிறது. மேல் அலமாரியில் அதைத் தூக்கி வைப்பது உங்கள் பாடு.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அவை மாறும். டிக்கெட் போட்டதும் வரும் மின்னஞ்சலில் உங்கள் கட்டணத்துக்கு உரிய எடை இருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும், போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை அல்ல. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து லண்டனுக்குத் தனி டிக்கெட் என்று போட்டிருந்தால், எது குறைவோ அதற்கே பை கட்ட வேண்டும். லண்டன் விமானத்தின் 23 கிலோ மதுரை கவுன்ட்டரில் செல்லாது.

அளவு எடுக்கும்போது சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து எடுங்கள். கடையில் எழுதியிருக்கும் அளவு பல நேரம் பெட்டியின் உடம்புக்கு மட்டும்தான். எடையையும் யோசியுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு கிலோ. ஏழில் ஐந்து அங்கேயே போய்விட்டது. மிச்சம் இரண்டு கிலோவில் என்னத்தை வைப்பது? எனக்குத் துணியாலான முதுகுப்பைதான் சரிப்படுகிறது. காலியாக ஒரு கிலோகூட இல்லை. இருக்கைக்கு அடியிலும் நுழையும். கொக்கியில் மாட்டி நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் கவுன்ட்டரில் மானம் போகாது.

இந்தியாவில் ஒருவருக்கு ஒரு கைப்பைதான் என்று விமானப் பாதுகாப்புத் துறையான பிகாஸ் விதி வைத்திருக்கிறது. பெண்களின் ஹேண்ட்பேக், லேப்டாப், குடை, ஊன்றுகோல், கைக்குழந்தைக்கான உணவு போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் ஒரு பை, கூடவே ஒரு லேப்டாப் பை அல்லது தோள்பை என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. மூன்றாவதாக ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று கையில் தொங்கினால்தான் நிறுத்துவார்கள்.

தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களுக்குச் சென்னையிலிருந்து போகும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானங்களில் இன்னொரு சங்கதி. அவற்றின் மேல் அலமாரி சிறியது. ஏழு கிலோவுக்குள் இருந்தாலும் டிராலி உள்ளே நுழையாமல், படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். என் அதிரசக் கதை அங்கே தினமும் நடக்கக்கூடியது.

பேட்டரிக் கணக்கு

லித்தியம் பேட்டரி சூடேறினால் சாதாரண நெருப்பு போல நடந்துகொள்ளாது. பேட்டரிக்குள் இருக்கும் மின்கலம் (செல்) ஒன்று வெந்தால் அதன் வெப்பமே பக்கத்துச் செல்லைப் பற்ற வைக்கும். வெளியிலிருந்து காற்றே வராவிட்டாலும் உள்ளுக்குள் எரிந்துகொண்டே போகும். விமானத்தின் சரக்கு அறையில் தீயை அடக்க ஹாலான் என்ற வாயு இருக்கிறது. அது சுற்றியுள்ள தழலை அடக்கும். பேட்டரிக்குள் நடக்கும் சங்கிலித் தொடரை நிறுத்தாது. அதை நிறுத்த வேண்டுமானால் குளிர வைக்க வேண்டும், அதற்குத் தண்ணீரோடு ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். பவர் பேங்க்கும் உதிரி பேட்டரிகளும் கட்டாயம் பயணிகள் அறையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் வரவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். 'ஆபத்தான பொருளை ஏன் ஆட்கள் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள்?' என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

அடுத்தது அளவு. உலகம் முழுக்க எல்லை ஒன்றுதான்: 100 வாட் அவர் (பேட்டரிக்குள் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் பயணி கையில் இடமே இல்லை.

ஆனால் பவர் பேங்க்கின் முதுகில் பெரிய எழுத்தில் இருப்பது மில்லி ஆம்பியர் அவர் (mAh) கணக்கு. அதை மாற்றுவது சுலபம். அந்த எண்ணை ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 10,000 என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. இரண்டும் தாராளமாகப் போகும். 27,000-க்கு 99.9 வருகிறது, கடைகளில் 27,000-ஐ ஒட்டி நிற்கும் பவர் பேங்க்குகளின் ரகசியம் இதுதான். 30,000 என்றால் 111, ஒப்புதல் வேண்டும். 50,000 என்று போட்டு மலிவாக விற்பது நிஜமாகவே 50,000 என்றால் 185 வாட் அவர்; அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பொய் என்றால் வாங்கியதே தப்பு.

போன் பேட்டரி 15 முதல் 20 வாட் அவருக்குள். கேமரா பேட்டரி அதைவிடக் குறைவு. லேப்டாப்புகள் பெரும்பாலும் 40-லிருந்து 100-க்குள் அடங்கிவிடும். ஆப்பிள் தன் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் சரியாக 100-ஐத் தொட்டு நின்றது தற்செயல் இல்லை. மின்சார சைக்கிளின் பேட்டரி 300-க்கு மேல் போகும், ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம்.

முதுகில் எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை எடுத்துப் போகாதீர்கள். அதன் கொள்ளளவை உங்களால் காட்ட முடியாவிட்டால் பரிசோதகரால் நம்ப முடியாது. சீனாவில் 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டின் 3சி என்ற பாதுகாப்புத் தர முத்திரை தெளிவாகத் தெரியாத பவர் பேங்க்குக்கு அனுமதியே இல்லை. குவாங்சோவில் இறங்கி உள்ளூர் விமானம் மாறுகிற வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். வீங்கிய பேட்டரி, ஒருமுறை தண்ணீரில் விழுந்தது, உற்பத்தியாளர் திரும்பப் பெற்றது ஆகியவை எந்த விமானத்திலும் கூடாது. 2016-இல் கேலக்ஸி நோட் 7 போன்களும், 2019-இல் திரும்பப் பெறப்பட்ட 15 அங்குல மேக்புக் ப்ரோக்களும் இப்படித்தான் விமானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

ஒரு சின்னப் பை தனியாக

இனி நான் செய்வதைச் சொல்கிறேன். கணக்குப் பெட்டி போல ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று வாங்கினேன். பவர் பேங்க், கேமராவின் உதிரி பேட்டரி, காதில் மாட்டும் புளூடூத் டப்பா, சார்ஜர், வயர் எல்லாம் அதற்குள். வேறெதுவும் இல்லை. உதிரி பேட்டரியின் உலோக முனைகள் சாவியிலோ சில்லறையிலோ பட்டால் ஷார்ட் ஆகும். ஆகவே முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டி, தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுகிறேன். இந்தச் சின்னப் பை முதுகுப்பையின் மேல் ஜிப்பில், திறந்ததும் கைக்கு வரும் இடத்தில் இருக்கும். "பெட்டியைக் கீழே போடுறோம்" என்று யார் சொன்னாலும் ஒரே இழுப்பு. பை கைக்கு வந்துவிடும், பெட்டி போகட்டும்.

அப்படிப் பெட்டி கீழே போகும்போது லேப்டாப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைச் செக்-இன்னில் போட விதி இடம் தருகிறதுதான். ஆனால் முழுக்க அணைத்திருக்க வேண்டும், தூக்க நிலையில் விடக் கூடாது, அடிபடாமல் துணியால் சுற்றியிருக்க வேண்டும். பெட்டி வீசப்படும் அழகைப் பார்த்தவர்கள் அந்த அனுமதியைப் பயன்படுத்த மாட்டார்கள். உள்ளேயே பேட்டரி வைத்த 'ஸ்மார்ட்' டிராலி வைத்திருந்தால், அந்த பேட்டரி கழற்றக் கூடியதா என்று பாருங்கள். கழற்ற முடியாதவற்றை 2018 ஜனவரியிலிருந்தே பெரிய நிறுவனங்கள் மறுக்கத் தொடங்கிவிட்டன.

இந்த விதியே ஒருமுறை தலைகீழாகிப் போனது உண்டு. 2017 மார்ச்சில், துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் போனைவிடப் பெரிய கருவி எதையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கா உத்தரவு போட்டது. பயம் வெடிகுண்டு பற்றியது. சென்னையிலிருந்து வளைகுடா வழியாக அமெரிக்கா போன மென்பொருள்காரர்கள் லேப்டாப்பை செக்-இன்னில் போட்டார்கள். இத்தனை லித்தியத்தைக் கீழே குவிப்பது அதைவிட ஆபத்து என்று விமானத் துறையினர் கவலைப்பட்டார்கள். அந்த ஜூலைக்குள் தடை விலகியது.

பரிசோதனைத் தட்டு

நம் விமான நிலையங்களில் பெரும்பாலும் லேப்டாப், போன், பவர் பேங்க், சார்ஜர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். புதிய சிடி ஸ்கேன் இயந்திரம் உள்ள இடங்களில் எடுக்க வேண்டாம் என்பார்கள். எங்கே எது என்று யூகிக்க வேண்டாம், முன்னால் நிற்கும் அதிகாரி சொல்வதைக் கேளுங்கள். வயர்கள் பாம்புப் புற்று போலப் பின்னிக் கிடந்தால் எக்ஸ்ரே திரையில் ஒன்றும் புரியாமல் பையைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சின்னப் பையின் இரண்டாவது உபயோகம் இது. அதைத் திறந்து தட்டில் வைத்தால் வேலை முடிந்தது.

வெளிநாட்டு விமானம் என்றால் திரவக் கணக்கு வேறு இருக்கிறது. 2006-இல் லண்டனில் முறியடிக்கப்பட்ட சதித்திட்டத்துக்குப் பின் வந்தது: ஒவ்வொரு பாட்டிலும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள். கணக்கில் எடுப்பது பாட்டிலின் கொள்ளளவை. பாதி காலியான 200 மி.லி. தேங்காய் எண்ணெய் பாட்டில் குப்பைக்குத்தான் போகும். நெய், எண்ணெய் ஊறிய ஊறுகாய், தயிர் எல்லாம் திரவக் கணக்கில் சேரும். புளியோதரை போகும்; தயிர்சாதம் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. கைக்குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு, மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். அமெரிக்கா போகிறவர்கள் இட்லிப்பொடி, சாம்பார்பொடியைச் செக்-இன்னில் போட்டுவிடுங்கள். 2018 ஜூன் 30 முதல் அங்கே போகும் விமானங்களில் கைப்பையில் 350 மி.லி. அளவுக்கு மேல் எந்தத் தூள் இருந்தாலும் கூடுதல் சோதனை. தீர்க்க முடியாவிட்டால் பொடி இங்கேயே நின்றுவிடும்.

பாக்குவெட்டி, கத்தரிக்கோல், தேங்காய்த் துருவி ஆகியவை செக்-இன்னில். கற்பூரம் இரண்டிலும் கூடாது, அது எளிதில் தீப்பற்றும் பொருள்; பூஜைச் சாமான் கட்டும்போது இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். லைட்டர், தீப்பெட்டியும் அதே கதி. கொப்பரையும் வேண்டாம், எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறும் என்று அதை ஆபத்தான சரக்கில் சேர்த்திருக்கிறார்கள். முழுத் தேங்காயைக் கையில் வைத்திருக்கவும் வழக்கமாக அனுமதி இல்லை. 2024-இல் சபரிமலைப் பருவத்துக்காக இருமுடித் தேங்காயை மட்டும் பரிசோதனைக்குப் பின் கையில் கொண்டுபோகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை தளர்த்தினார்கள். ஐயப்ப பக்தர்கள் அந்தந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மின்னணுக் கருவிகளில் இரண்டு, விமான விதியைத் தாண்டி நாட்டின் சட்டத்திலேயே சிக்க வைக்கும். ஒன்று இ-சிகரெட்: பல நாடுகளில் கைப்பையில் மட்டும் என்று விதி, இந்தியாவில் 2019 முதல் வர்த்தகமும் இறக்குமதியும் தடை, சிங்கப்பூரிலும் தடை. மற்றொன்று செயற்கைக்கோள் போன். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் இதில் அடக்கம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து கைதான வெளிநாட்டினர் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இருக்கையில் உட்கார்ந்த பிறகு

2025 ஜனவரி 28 இரவு, தென்கொரியாவின் பூசானில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தின் மேல் அலமாரியிலிருந்து தீ கிளம்பியது. உள்ளே இருந்த 176 பேரும் அவசர வழியாக இறங்கிவிட்டார்கள், விமானத்தின் கூரை எரிந்து போனது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரணை அதிகாரிகள். அதன் பின்தான் விதிகள் மளமளவென்று மாறின. மார்ச் 1 முதல் கொரிய விமானங்களில் பவர் பேங்க்கை மேல் அலமாரியில் வைக்கத் தடை. ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பவர் பேங்க்கால் போனுக்குச் சார்ஜ் போடவும் கூடாது, இருக்கையின் யுஎஸ்பியில் பவர் பேங்க்குக்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒன்றே ஒன்று, 100 வாட் அவருக்குள்; அதையும் பயன்படுத்தக் கூடாது, வைப்பது முன்னிருக்கைப் பையில் அல்லது இருக்கைக்கு அடியில். அதே மாதம் டெல்லியில் ஓடுபாதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த விமானத்தில் ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. நவம்பரில் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவும் சுற்றறிக்கை விட்டது: பவர் பேங்க் கைப்பையில் மட்டும், மேல் அலமாரியில் வேண்டாம், விமானத்தில் அதைக் கொண்டு சார்ஜ் போட வேண்டாம்.

ஆக, இப்போது செய்ய வேண்டியது: உட்காரும் முன் சின்னப் பையை வெளியே எடுத்து முன்னிருக்கைப் பையில் வைத்துவிட்டு, பெரிய பையை மேலே ஏற்றுவது. போனுக்குச் சார்ஜ் வேண்டுமானால் வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள், அல்லது இருக்கையில் யுஎஸ்பி இருந்தால் போனை நேரடியாக மாட்டுங்கள். போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால் ஏறியதிலிருந்து இறங்கும் வரை பயன்படுத்தலாம். 2014-இலேயே டிஜிசிஏ அதற்கு வழிவிட்டுவிட்டது. ஆனால் விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் லேப்டாப்பை மூடி உள்ளே வைக்கச் சொல்வார்கள். அது அலைவரிசைக்காக இல்லை, திடீரென்று குலுங்கினால் ஒன்றரைக் கிலோ உலோகம் யார் தலையிலும் விழக் கூடாது என்பதற்காக.

தூக்கத்தில் போன் நழுவி, இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டதா? இருக்கையை முன்னும் பின்னும் அசைக்காதீர்கள். சாயும் இருக்கையின் இரும்புக்கிடையே சிக்கி போன் நசுங்கினால் அங்கேயே புகையும். பொத்தானை அழுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு எடுக்கத் தெரியும். வழக்கத்துக்கு மாறாகச் சூடு, பேட்டரி வீக்கம், இனிப்பும் கருகலும் கலந்த ரசாயன நெடி இவற்றில் எது தெரிந்தாலும் அதேதான். கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம், பையில் ஒளிக்கவும் வேண்டாம், உடனே சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார்கள்.

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில் இப்படித்தான் மேல் அலமாரியிலிருந்து புகை நெடி வந்தது. பணியாளர்கள் அங்கே இருந்தவர்களை வேறு இருக்கைகளுக்கு மாற்றிவிட்டு அலமாரியைத் திறந்தார்கள். ஒரு பைக்குள் கேலக்ஸி நோட் 2 போன், பழைய மாடல், பொறி பறக்கப் புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டு, கழிவறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். விமானம் சென்னையில் வழக்கம் போல இறங்கியது.